மர ஆலோசகர் வேலையை நம்பி இறங்கலாமா? பெங்களூர் நிலவரம் தேவை

மர்பிடவுன்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். கூடப் படித்த பிள்ளைகள் வனத்துறைத் தேர்வு, வங்கித் தேர்வு என்று படித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஆர்பரிஸ்ட் ஆகப் போகிறேன், ஊருக்குள் நிற்கிற மரங்களைப் பார்த்து ஆலோசனை சொல்லப் போகிறேன் என்கிறான். என் அண்ணனிடம் சொன்னேன். "மரம் வெட்டவா நாலு வருஷம் படித்தான்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். பெங்களூரில் இந்தத் தொழிலில் இருக்கும் தமிழர்கள் யாராவது விவரம் சொல்லுங்கள். வருமானம் எப்படி, ஆபத்து எவ்வளவு, ஐம்பது வயதிலும் செய்ய முடியுமா? பெண் கொடுப்பார்களா என்பது அப்புறம்.

கேஆர்புரம்வாசி:

எதற்கெடுத்தாலும் கன்சல்டன்ட். இப்போது மரத்துக்குமா? எங்கள் தெருவில் கிளை கம்பியில் உரசினால் ஒரு ஆள் வருவார், ஏறுவார், வெட்டுவார், விறகையும் அவரே எடுத்துக்கொண்டு போவார். கணக்கு முடிந்தது. இதற்கு அறிக்கை எழுத ஒருவர் எதற்கு?

தளிக்காரன்:

அந்த ஆள் நான்தான் சார். தளியிலிருந்து வந்து பெங்களூரில் மரம் ஏறிப் பிழைக்கிறேன். கணக்கு அங்கே முடிவதில்லை. நீங்கள் மொட்டையடிக்கச் சொல்வீர்கள், நாங்களும் அடித்துவிட்டுப் போவோம். அடுத்த மழைக்குள் வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர் வரும். அது பழைய கிளை மாதிரி மரத்துக்குள்ளிருந்து வேரூன்றி வளர்ந்தது இல்லை, மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். சில வருஷத்தில் தொடை கனத்துக்கு ஆகி, காற்றில் பிய்ந்து உங்கள் கார் மேலேயே விழும். அப்போதும் எங்களைத்தான் கூப்பிடுவீர்கள். எங்களுக்கு லாபம்தான், வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்.

கேஆர்புரம்வாசி:

சரி, இது தெரியாது.

கிளைநுனி:

அம்மா, நான் இதே தொழிலில் இருக்கிறேன். என் கதையைச் சொல்கிறேன், ஆனால் உங்கள் மகன் இதே வழியில் வர வேண்டும் என்பதற்காக இல்லை. எனக்குத் தெரிந்து இந்த வேலைக்கு யாரும் நேர் ரோட்டில் வந்து சேரவில்லை. ஒருவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பாறை ஏறப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார், கயிறு கைவசம் இருந்ததால் மரத்துக்கு வந்தார். தாவரவியல் டீச்சராக இருந்து வந்த அம்மா ஒருவரும் இருக்கிறார்.

நான் குடகில் காப்பித் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். பருவமழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து செய்வது அங்கே பெரிய வேலை. கீழே காப்பிச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அவ்வளவுதான் மேலே திறந்துவிட வேண்டும். சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும், அது அறுபடாமல் ஏறி இறங்க வேண்டும். மேஸ்திரி கீழே நின்றுகொண்டு "அது இல்லடா, அதுக்குப் பக்கத்துக் கிளை" என்று கத்துவார். எதை வெட்டக் கூடாது என்று அண்ணாந்து பார்க்கும் பழக்கம் அங்கே வந்ததுதான்.

அப்புறம் ஓசூர் பக்கம் ஒரு நர்சரி. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் கன்று பையிலேயே ரொம்ப நாள் கிடந்தால் வேர் உள்ளுக்குள் வட்டமாகச் சுற்றிக்கொள்ளும் என்பதை அங்கே கையால் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதைப் பிரிக்காமல் நட்டால், பல வருஷம் கழித்து அந்த வேரே அடித்தண்டை இறுக்கும். ரோட்டோர மரம் ஒன்றின் அடிப்பாகம் மூன்று பக்கம் விரிந்து ஒரு பக்கம் மட்டும் தட்டையாக மண்ணுக்குள் இறங்கினால், உட்கார்ந்து அந்தப் பக்கத்து மண்ணை விலக்கிப் பார்க்கிறேன். பெரும்பாலும் உள்ளே சுற்றிய வேர் இருக்கும்.

நர்சரியிலிருந்து ஏஜென்ட் மூலம் ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர். முதலில் புல் வெட்டும் வேலை, பிறகு மரக்குழுவில் சேர்த்தார்கள். சாலையோரம் முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள். அங்கே மரம் பார்ப்பது தனித் தொழில் என்பது அப்போதுதான் தெரிந்தது. கயிற்றை எறிந்து கிளைக்கு மேல் போடுவது, ஹார்னஸ் கட்டுவது, மரத்தோடு இரண்டு இடத்தில் கட்டிக்கொள்ளாமல் மேலே செயின்சாவைக் கிளப்பக் கூடாது என்ற ஒழுங்கு, எல்லாம் அங்கே கற்றது. ஐ.எஸ்.ஏ. என்கிற சர்வதேச ஆர்பரிகல்ச்சர் சங்கத்தின் தேர்வையும் அங்கிருந்தபோதே எழுதினேன். 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. பட்டம் இல்லாதவர்களுக்கு 3 வருஷ முழுநேர அனுபவம் கேட்பார்கள். உங்கள் மகன் மாதிரி இந்தத் துறையில் 4 வருஷப் பட்டம் இருந்தால் 1 வருஷ அனுபவம் போதும். சான்றிதழ் 3 வருஷத்துக்குத்தான். அதற்குள் வகுப்பு, பட்டறை என்று மதிப்பெண் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி தேர்வு.

பெங்களூர் வந்ததும் ஒரு ஐடி வளாகத்தில் தோட்ட மேற்பார்வையாளர் வேலை. அங்கே கற்றது மரம் இல்லை, மின்னஞ்சல். கிண்டல் இல்லை. மரத்தைப் பற்றி மரம் தெரியாதவருக்கு ஒரு பக்கத்தில் புரிய வைப்பதுதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது.

ஏறுவதால் வரும் காசைவிட எழுதுவதால் வரும் காசு அதிகம். ஆனால் ஏறாமல் எழுதினால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராது. ஏப்ரல், மே கோடை மழைக்காற்றில் போன் ஓயாது. மற்ற மாதங்களில் அடுக்குமாடிகளின் வருடாந்திரப் பரிசோதனை, பில்டர்களுக்கு மரக் கணக்கெடுப்பு, தோட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி என்று ஓட்ட வேண்டும். சம்பள நாளை எதிர்பார்த்துப் பழகியவருக்கு முதல் சில வருஷம் கஷ்டம்தான்.

கேஆர்புரம்வாசி:

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பரிசோதனை என்றால் என்ன செய்வீர்கள்? தட்டிப் பார்ப்பீர்களா?

கிளைநுனி:

ஆமாம், தட்டித்தான் பார்ப்பேன். நைலான் சுத்தியல் ஒன்று பையிலேயே இருக்கும். அதற்கும் முன்னால் ஒரு மரத்தைச் சுற்றி நடந்து பார்ப்பதுதான் பாதி வேலை. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண்ணில் வெடிப்பு இருக்கிறதா, அடியில் காளான் பூத்திருக்கிறதா, இரண்டு கிளை பிரிகிற கவட்டையில் பட்டை உள்ளே மடிந்து மாட்டியிருக்கிறதா என்று.

போன மழைக்காலத்தில் ஒரு குல்மொஹர். மேலே பச்சைப் பசேல். வீட்டுக்காரர் "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். அடியில் ஒரு சாண் அகலத்துக்குச் செங்கல் நிறத்தில் பலகை மாதிரி கானோடெர்மா காளான், விளிம்பு மட்டும் வெள்ளை. சுத்தியலால் தட்டினால் முன்பக்கம் கெட்டிச் சத்தம், காளான் பக்கம் பொத்துப் பொத்தென்று. அந்தக் காளான் வேரையும் அடித்தண்டையும் உள்ளே தின்றுகொண்டிருக்கும், இலைக்கு அது தெரியவே தெரியாது. பச்சையாக இருப்பதும் உறுதியாக இருப்பதும் வேறு வேறு சமாச்சாரம்.

சந்தேகம் என்றால் கருவி உண்டு. ரெசிஸ்டோகிராஃப் என்று ஒன்று, மெல்லிய ஊசியை மரத்துக்குள் சுழற்றிச் செலுத்தும். எங்கே மரம் எதிர்க்கிறது, எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று கோடு வரையும். தண்டைச் சுற்றி உணரிகளை மாட்டி, ஒலி கடக்கும் வேகத்தை வைத்து உள்ளே பொந்து இருக்கிறதா என்று படம் போடும் முறையும் இருக்கிறது. பொந்து இருந்தாலே வெட்ட வேண்டும் என்று இல்லை. கிளாஸ் மாட்டெக் என்ற ஜெர்மானியர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. தண்டின் ஆரத்தில் 30 சதவீதம் அளவுக்கு நல்ல மரம் சுவராக இருந்தால் பெரும்பாலும் தாங்கும். ஆரம் 60 செ.மீ. என்றால் சுவர் 18 செ.மீ. இதை வேதவாக்காக எடுப்பதில்லை. பொந்தின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, தலைப்பாரம் எவ்வளவு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

செகரட்டரி_வைட்ஃபீல்டு:

வேலை கொடுத்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எங்கள் அடுக்குமாடியில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே விசிட்டர் பார்க்கிங். வெட்ட வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி, வாட்ஸ்அப் குழுவில் வாயைத் திறக்க முடியவில்லை. வெட்டக் கோரும் கட்சிக்கு ஆதாரம் வேண்டும் என்றுதான் ஆலோசகரைக் கூட்டி வந்தோம், மறைக்க என்ன இருக்கிறது. அறிக்கை வந்தது. அதில் "வெட்டு" என்ற வார்த்தையே இல்லை. ரோட்டுப் பக்கம் நீண்டிருந்த இரண்டு கிளைகளின் நீளத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார், காய்ந்த கிளைகளை எடுக்கச் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு வரி: பார்க்கிங்கை மரத்தடியிலிருந்து நகர்த்துங்கள், அத்தோடு ஆபத்து பாதியாகும்.

இதை யாரும் யோசிக்கவே இல்லை! நாங்கள் மரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேஆர்புரம்வாசி:

எல்லாம் சரி. நாளைக்கு அந்த மரம் விழுந்து யாருக்காவது ஏதாவது ஆனால்? "வெட்ட வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டவர் ஜெயிலுக்குப் போவாரா? என் உண்மையான கேள்வி இதுதான்.

கிளைநுனி:

நல்ல கேள்வி. இந்தத் தொழிலில் தூக்கத்தைக் கெடுப்பதும் இதுதான்.

2017 பிப்ரவரியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 40 மீட்டர் உயரமுள்ள டெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஒரு பெண் இறந்துபோனார். 270 வருஷத்துக்கு மேல் நின்ற மரம். கவனிக்காமல் விட்ட மரம் இல்லை, முந்தைய செப்டம்பரில்தான் பரிசோதித்திருந்தார்கள், நன்றாக இருப்பதாகத்தான் தெரிந்தது. அதனால் என் அறிக்கையில் "இந்த மரம் பாதுகாப்பானது" என்ற வாக்கியத்தை நீங்கள் பார்க்க முடியாது. எந்த மரமும் அப்படி இல்லை.

நாங்கள் மூன்று விஷயத்தைப் பிரித்துப் பார்க்கிறோம். இந்தப் பகுதி முறிய எவ்வளவு வாய்ப்பு, முறிந்தால் ஆள் மீதோ வண்டி மீதோ படுமா, பட்டால் எவ்வளவு சேதம். இதை இத்தனை காலத்துக்கு என்று வரம்பு போட்டு எழுத வேண்டும். என்ன முறையில் பார்த்தேன், எதைப் பார்க்க முடியவில்லை, எந்த தேதியில் பார்த்தேன், அடுத்து எப்போது பார்க்க வேண்டும், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வெறும் காட்டுக்குள் விழப்போகிற பெரிய மரத்தைவிட, பள்ளிக்கூட வாசலில் தொங்கும் கை கனத்துக் காய்ந்த கிளைக்கு அவசரம் அதிகம். இந்த மதிப்பீட்டுக்கென்றே ஐ.எஸ்.ஏ. தனியாக ஒரு தகுதிப் பயிற்சி வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு மனைக்காரர் "ஆபத்தான மரம்" என்று எழுதித் தரச் சொல்லி, கேட்காத தொகையைத் தானாகவே முன்னால் வைத்தார். மரம் திடமாக இருந்தது, பேஸ்மென்ட்டுக்கு வழியில் இருந்தது, அவ்வளவுதான். 1976-ஆம் வருஷத்துக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த மனையில் நிற்கும் மரத்துக்கும் பெரும்பாலும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும், அதற்கு என் காகிதம் உதவும் என்பது அவர் கணக்கு. எழுதவில்லை. அவர் பின்னால் அறிமுகப்படுத்துவதாகச் சொன்ன வேலைகளும் வரவில்லை. மாச வாடகை தலைக்கு மேல் இருக்கும்போது இப்படி ஒரு ஆள் வருவார், பையனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கலா_பனசங்கரி:

நான் நிலவடிவமைப்பாளர். இந்த இழையில் விட்டுப்போன கிளை ஒன்று: கட்டடம் கட்டுவதற்கு முன்னால் வரும் ஆலோசனை. மரம் சாகிற இடம் மேலே இல்லை, கீழே. வேரில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது, பக்கவாட்டில் கிளைப் பரப்பையும் தாண்டிப் போகிறது. சாக்கடைக்கோ கேபிளுக்கோ நடைபாதைக்கோ ஒரு பக்கம் தோண்டினால் தாங்கும் வேர் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றிரண்டு கோடை கழித்து, மழை ஊறிய மண்ணில், ஒரு காற்றில் சாயும். எல்லோரும் காற்றைத் திட்டுவார்கள்.

பிரிட்டிஷ் தரநிலையில் எளிய கணக்கு இருக்கிறது. நெஞ்சு உயரத்தில் தண்டின் விட்டத்தைப் போல 12 மடங்கு தூரம் சுற்றிலும் தோண்டாமல் விட வேண்டும். அரை மீட்டர் விட்டம் என்றால் 6 மீட்டர். நம் ஊரில் 30க்கு 40 அடி மனையில் 6 மீட்டருக்கு எங்கே போவது? அதனால் எங்கே கையால் தோண்டுவது, எந்த வேரை வளைத்துப் போவது என்று இன்ஜினியரோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். உங்கள் மகனுக்கு வரைபடம் படிக்கத் தெரிந்தால் இந்த வேலையில் வருமானம் உண்டு. வயதானாலும் செய்யலாம், நீங்கள் கேட்ட ஐம்பதுக்கு மேலும்.

இன்னொன்று. நேர் ரோட்டில் யாரும் வரவில்லை என்று கிளைநுனி சொன்னார். லால்பாக் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட க்ரும்பீகல் மட்டும் என்ன? ஜெர்மனியில் தோட்ட வேலை கற்று, லண்டனில் கியூ தோட்டத்தில் இருந்து, பரோடா மன்னரிடம் வேலை பார்த்து, 1908-இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தவர். ஒரு தெருவில் பூத்து முடிந்தால் அடுத்த தெருவில் பூக்கிற மாதிரி மரங்களைத் தேர்ந்து நட வைத்தார். ஜனவரியில் டபேபுயாவைப் போட்டோ எடுத்துப் போடுகிறவர்கள் அவரையும் நினைத்துக்கொள்ளலாம். அவரையும், லால்பாக்கில் தலைமுறையாக மண்வெட்டி பிடித்த திகளர் என்ற தோட்டக்காரச் சமூகத்துக் குடும்பங்களையும். அந்த ஆட்களின் பெயர் நமக்குத் தெரியாது, க்ரும்பீகலுக்கு ஒரு ரோடு இருக்கிறது.

தளிக்காரன்:

அந்தக் கடைசி வரிக்கு நன்றி மேடம். நான் சொல்ல வந்ததும் அதே கட்சி.

அறிக்கை எழுதுகிறவருக்கு மரியாதை வருகிறது, சந்தோஷம். மேலே ஏறுகிறவனுக்கு இன்னும் மரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தபோது கூட வேலை பார்த்த பையன் ஆப்பிரிக்க டுலிப் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு போனது. அந்த மரத்தின் கிளை ரொம்ப நொறுங்கும், அதில் காலை நம்பி வைக்கக் கூடாது. இன்சூரன்ஸ் இல்லை. கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தார், அப்புறம் போனை எடுக்கவில்லை. ஆலோசகர்கள் அறிக்கையில் "பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டு செய்யவும்" என்று ஒரு வரி எழுதுகிறீர்களே, அந்த ஆளுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று யார் கேட்கிறீர்கள்?

கிளைநுனி:

நியாயம். நான் கேட்கிறேன், எழுத்தில் கேட்கிறேன், ஆனால் எல்லோரும் கேட்பதில்லை. விலை கூடுகிறது என்று அடுக்குமாடிச் சங்கத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். செகரட்டரி சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செகரட்டரி_வைட்ஃபீல்டு:

கோபம் இல்லை. மூன்று கொட்டேஷனில் குறைந்ததைத்தான் பொதுக்குழு ஒப்புக்கொள்ளும். காப்பீடு கட்டாயம் என்று டெண்டரிலேயே போட்டால் குறைந்ததே வராது. அடுத்த தடவை போடுகிறேன்.

மர்பிடவுன்_அம்மா:

அம்மாவின் ஐடியில் மகன் எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. மாமாவுக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன். கிளைநுனி அண்ணா, எனக்கு இரண்டு கேள்வி. முதலில் தேர்வுக்குப் படிக்கவா, இல்லை ஏறக் கற்றுக்கொள்ளவா? அப்புறம், வெட்டிய காயத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டுமா? கல்லூரியில் போர்டோ பசை தடவச் சொன்னார்கள், யூடியூபில் வேண்டாம் என்கிறார்கள்.

கிளைநுனி:

தம்பி, பழத்தோட்டத்தில் பூஞ்சாணத்துக்குப் போர்டோ பசை தடவுவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. நகரத்து நிழல் மரத்தில் நாங்கள் ஒன்றும் பூசுவதில்லை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தார். மரம் காயத்தை நம் தோல் மாதிரி ஆற்றுவதில்லை, அழுகிய பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளேயே அடைத்துவிட்டு வெளியே புது மரம் வளர்க்கிறது என்று காட்டினார். பெயிண்ட் அந்தச் சுவருக்கு உதவாது. பொந்தில் சிமென்ட் அடைப்பதும் அப்படித்தான்.

உதவுவது வெட்டும் இடம். கிளை தண்டோடு சேருகிற இடத்தில் லேசாக வீங்கிய வளையம் தெரியும், அதைத் தொடக் கூடாது. தண்டோடு ஒட்ட வழித்தாலும் தப்பு, ஒரு முழம் குச்சியாக விட்டாலும் தப்பு. கனமான கிளை என்றால் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி முதலில் கீழிருந்து மேலாகக் கால்வாசி அறு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறு, கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிச்சம் நிற்கும் கட்டையை வளையத்துக்கு வெளியே நிதானமாக எடு. லால்பாக் பக்கம் நடந்து போகும்போது பழைய வெட்டுகளைப் பார். சரியாக வெட்டிய இடத்தில் சுற்றிலும் வடை மாதிரி தடிப்பு உருண்டு மூடியிருக்கும். ஒட்ட வழித்த இடத்தில் மேலும் கீழும் மூடாமல் நடுவில் அழுகல் தெரியும்.

முதல் கேள்விக்கு: ஏறு. தேர்வுக்கு எப்படியும் 1 வருஷ அனுபவம் வேண்டும். மார்ச்சிலிருந்து மழை தொடங்கும்வரை ஒரு குழுவோடு இரு. முதலில் கீழே நின்று கயிறு பிடிக்கிற வேலைதான் கொடுப்பார்கள், அதில் கௌரவம் பார்க்காதே. மேலே இருப்பவன் உயிர் உன் கையில் இருக்கும். சாயங்காலம் படி. செயின்சா வாங்கிவிடாதே, வீட்டில் வைத்துக்கொண்டு கை சும்மா இருக்காது. கன்னடம் பேசுகிறாய்தானே? அறிக்கை ஆங்கிலத்தில் போனாலும் அதிகாரியிடமும் காவலாளியிடமும் பேச அது வேண்டும்.

மர்பிடவுன்_அம்மா:

இப்போது நானே எழுதுகிறேன். எந்தக் குழுவில் சேர்ந்தாலும் காப்பீட்டுக் காகிதத்தை என் கண்ணில் காட்டாமல் ஏற விடமாட்டேன். தளிக்காரன் தம்பி, உங்கள் குழுவில் இருக்கிறதா?

தளிக்காரன்:

இருக்கிறதுக்கா. அந்தப் பையன் விழுந்த பிறகு கான்ட்ராக்டரை விட்டுவிட்டு நாங்களே தனியாகக் குழு சேர்த்தோம், முதல் செலவு விபத்துக் காப்பீடுதான். தம்பியை மார்ச் முதல் வாரம் அனுப்புங்கள், எல்லோருக்கும் சேர்க்கிற மாதிரி அவன் பெயரையும் சேர்த்துவிட்டு நகலை உங்களுக்கு அனுப்புகிறேன். ஹெல்மெட், ஹார்னஸ் எங்களிடம் இருக்கிறது. ஷூ மட்டும் அவன் அளவுக்குச் சொந்தமாக வாங்கிக்கொண்டு வரட்டும். குதிகால் எழும்பினது, கணுக்கால் மூடுகிறது. ஸ்போர்ட்ஸ் ஷூவோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.